ஆயத்தமா இருக்கீங்களா, பிரதர்?

டெல்லியில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸப் குழு எதிலாவது நீங்கள் இருந்தால், இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு தடவையாவது வந்து விழும். எங்கேயாவது நிலம் நடுங்கினால் வரும். இஸ்ரேலில் குண்டு விழுந்தால் கண்டிப்பாக வரும். 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் ரூபாயைப் பொதுமக்களிடம் சோதனை முறையில் விட்டபோது, நான் வங்கியில் இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காகப் பத்துப் பேராவது என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருப்பார்கள். "பிரதர், இதுதானே அந்த 666?" இதுவும் ரிசர்வ் வங்கி வெளியிடும் ரூபாய்தான், காகிதத்துக்குப் பதில் போனில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஏதோ நான் இரண்டாம் வருகையையே தள்ளிப்போட்டுவிட்ட மாதிரி!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கல்லெறிகிறவர்கள் எறியலாம். நான் நம்பிக்கை இல்லாதவன் இல்லை. நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம், தலைமுறை தலைமுறையாகக் கோவில் மணிச் சத்தத்தில் எழுந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஆண்டவர் நியாயந்தீர்க்க வருவார் என்ற வரியை முணுமுணுக்காமல் வாய்விட்டுத்தான் சொல்கிறேன். எனக்கும் நம்ம ஆட்களுக்கும் சண்டை வருகையைப் பற்றி இல்லை. ஆயத்தம் என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான். அந்தச் சொல்லை எடுத்து நாம் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றித்தான்.

இன்றைக்கு நம்ம வட்டாரத்தில் ஆயத்தம் என்றால் என்ன? உலகச் செய்தியை வேத வசனத்தோடு பொருத்திப் பார்ப்பது. யூட்யூபில் ஒரு ஊழியக்காரர் படம் வரைந்து காட்டும் ஏழு வருட உபத்திரவக் கணக்கை மனப்பாடம் செய்வது. மூன்று நாள் கன்வென்ஷனுக்குப் போய் மூன்றாம் நாள் ராத்திரி கை தூக்கி அழுவது. எடுத்துக்கொள்ளப்படுதல் உபத்திரவத்துக்கு முன்னாலா பின்னாலா என்று சாப்பாட்டு மேஜையில் மச்சினனோடு சண்டை போடுவது. இதை எல்லாம் செய்கிற வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்குச் சம்பளம் போன மாதமும் பத்தாம் தேதிதான் போயிருக்கும். இந்த மாதமும் அப்படித்தான் போகும். அதற்கும் ஆயத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

தேதி குறிக்கும் வியாதி புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்து, வயலை அறுக்காமல் விட்டுக் காத்திருந்தவர்கள் கூட உண்டு. மறுநாள் சூரியன் வழக்கம்போல உதித்தது. கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று ஒரு கூட்டம் வெள்ளை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தது. ஹரால்ட் கேம்ப்பிங் என்ற ரேடியோ பிரசங்கியார் 1994 என்றார், அப்புறம் 2011 மே 21 என்றார். இவர்களை நம்பி வேலையை விட்டவர்கள், வீட்டை விற்றவர்கள் உண்டு. அது அவர்கள் கதை, அதை விடுங்கள். தெசலோனிக்கே சபையில் பவுல் காலத்திலேயே இந்தக் கூத்து தொடங்கிவிட்டது. ஆண்டவர் நாள் வந்துவிட்டது என்று பரபரத்தவர்களையும், வேலை செய்யாமல் ஊர் சுற்றி அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைத்தவர்களையும் ஒரே கடிதத்தில் பிடித்து வாங்குகிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கடிதம். நம்ம வாட்ஸப் குழுவுக்கு அப்படியே ஃபார்வர்டு பண்ணலாம்.

இப்போது மத்தேயு 24க்கு வாருங்கள். யுத்தங்கள், பஞ்சங்கள், பூமியதிர்ச்சிகள் வரும் பகுதியை எல்லாரும் கரைத்துக் குடித்திருக்கிறோம். அந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கடைசி ஏழு வசனங்களில் ஒரு வீடு வருகிறது. எஜமான் வெளியூர் போயிருக்கிறார். ஒரு ஊழியக்காரனிடம் வீட்டை ஒப்படைத்திருக்கிறார். அவனுக்குக் கொடுத்த வேலை வானத்தைப் பார்ப்பது இல்லை. வாசலில் நின்று குதிரைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பதும் இல்லை. வீட்டிலுள்ள மற்ற வேலைக்காரர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுவது. அவ்வளவுதான்! எஜமான் எதிர்பாராத வேளையில் வரும்போது அந்த வேலையில் இருந்தவன் ஆயத்தமானவன். எஜமான் வர நாளாகும் என்று நினைத்து, தன்னோடு வேலை செய்கிறவர்களை அடிக்கத் தொடங்கியவன் ஆயத்தமில்லாதவன்.

இதை நான் வளைத்துச் சொல்லவில்லை. ஆயத்தமில்லாமைக்கு இயேசு கொடுக்கும் முதல் அடையாளமே உடன் வேலைக்காரனை நடத்துகிற விதம்தான். குடியும் கூத்தும் அதற்கு அடுத்துதான் வருகிறது. நம்ம பிரசங்கங்களில் மட்டும் குடி முதலில் வந்துவிடுகிறது, அடி காணாமலே போய்விடுகிறது. அடுத்த அதிகாரத்தில் பத்துக் கன்னிகைகள், தாலந்து, அப்புறம் செம்மறியாடு வெள்ளாடு. அந்தக் கடைசிக் காட்சியில் பசித்தவன், தாகமாயிருந்தவன், அந்நியன், உடுப்பில்லாதவன், நோயாளி, சிறையில் இருப்பவன், இவர்கள்தான் வருகிறார்கள். அந்திக்கிறிஸ்துவைச் சரியாக அடையாளம் கண்டுபிடித்தவருக்கு அங்கே தனி வரிசை எதுவும் போட்டிருப்பதாகத் தெரியவில்லை.

பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இது புரிவதில் சிரமமே இல்லை. எங்கள் தொழிலிலும் ஒருவர் திடீரென்று வருவார். காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன் வேறு கிளையிலிருந்து ஒரு அதிகாரி கடிதத்தோடு வந்து நிற்பார். பெட்டக அறையைத் திற என்பார். சாவி இரண்டு பேரிடம் இருக்கும், ஒருவரால் மட்டும் திறக்க முடியாது. உள்ளே இருக்கிற ரொக்கத்தைக் கட்டுக் கட்டாக எண்ணி, முந்தின நாள் மாலை எழுதிய இருப்போடு ஒப்பிடுவார். இதற்கு எப்படி ஆயத்தமாவது? ஒரு வழியும் இல்லை. அவர் வரும் தேதியைக் கண்டுபிடிக்க முயற்சி செய்கிற கேஷியரைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் சந்தேகம் வரும்! ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கணக்கைச் சரிபார்த்துப் பூட்டிவிட்டுப் போனவன் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பான்.

இன்னொரு சமாசாரம், சஸ்பென்ஸ் கணக்கு. எதற்கு என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம், விவரம் தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மாட்டார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் எந்த ஆடிட்டர் வந்தாலும் முதலில் திறக்கச் சொல்வது அந்தக் கணக்கைத்தான். நம்ம வீடுகளிலும் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பியோடு பேச வேண்டியது, டிரைவரிடம் கைமாற்றாக வாங்கிய ஐந்நூறு, அம்மாவுக்கு மாத்திரைக்கு அனுப்ப வேண்டிய பணம், வேலைக்காரப் பெண்ணுக்குச் சொன்ன போனஸ். எல்லாம் அதில் கிடக்கிறது. மேலே ஜெபக் குறிப்பு என்று ஒரு தாளை ஒட்டி மூடிவிட்டோம்.

கன்வென்ஷன் அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 மார்ச்சிலிருந்து ஒரு கடன் தவணை 90 நாள் தாண்டினால் அதை வாராக்கடன் என்று வகைப்படுத்த வேண்டும். அதைத் தவிர்க்கச் சிலர் என்ன செய்வார்கள் என்றால், பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுப்பார்கள். காகிதத்தில் கணக்கு பச்சைப் பசேல் என்று இருக்கும், பணம் ஒரு ரூபாய் திரும்பியிருக்காது. வருஷா வருஷம் அதே ஆட்கள் அதே பாவத்துக்கு அதே மேடைக்கு முன்னால் அழுது புது அர்ப்பணிப்பு எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்து தொலைக்கிறது. (தொழில் புத்தி, என்ன செய்ய?)

சரி, டெல்லிக்கு வருவோம். நான் ஏன் திரும்பத் திரும்ப வீட்டு வேலைக்காரப் பெண் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்களில் நிறையப் பேர் ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா, சத்தீஸ்கரின் ஜஷ்பூர், ஒடிசாவின் சுந்தர்கட் பக்கத்து ஆதிவாசிகள். முண்டா, உராவ், கடியா. அவர்களில் பெரும் பகுதி கிறிஸ்தவர்கள். கழுத்தில் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை இருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

போன வருஷம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். யார் வீடு, எந்தப் பகுதி என்பது வேண்டாம், நல்ல மனுஷர்கள்தான். வந்திருந்த ஊழியக்காரர் ஒன்றரை மணி நேரம் வருகையின் அடையாளங்களை விளக்கினார். பத்துக் கன்னிகைகளின் எண்ணெய் என்பது பரிசுத்த ஆவி என்று இருபது நிமிஷம். நான் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனேன். அங்கே ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நாங்கள் பாடிய பாட்டின் மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். நம்ம தமிழ்ப் பாட்டு சிலது வெள்ளைக்காரர் மெட்டு இல்லையா, அதே மெட்டில் அவர்களுக்கு இந்தியில், சாத்ரியில் பாட்டு இருக்கிறது. எந்த ஊர் என்று இந்தியில் கேட்டேன். சிம்டேகா. எந்தச் சபை? ஜி.இ.எல். சர்ச் என்றாள். அப்பா அங்கே சபையில் பிரச்சாரக். அப்படி என்றால் நம்ம ஊர் உபதேசியார் மாதிரி. இங்கே ஆராதனைக்குப் போவாயா என்று கேட்டேன். "சண்டே கோ சுட்டி நஹி மில்தி, அங்கிள்." ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஏன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்கள் கோவிலுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டரைக்கு வருவார்கள், சில நாள் விருந்தாளியோடு வருவார்கள், பிரியாணி ஆகியிருக்க வேண்டும்.

இதற்கு நான் என்ன விளக்கம் எழுதுவது? ஒரு உபதேசியார் மகள் அடுப்படியில். ஹாலில் நாம் எண்ணெயைப் பற்றி ஆராய்ச்சி. கூட்டம் முடிந்து டீ வந்தது. எங்களுக்குப் பீங்கான் கோப்பை. அவளுக்கு மேடைக்கு அடியில் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அந்த டம்ளரைப் பற்றி வீட்டுக்காரரிடம் பிறகு கேட்டேன். "சுத்தம்தான் பிரதர் காரணம், வேற ஒண்ணும் இல்ல" என்றார். அந்த வீட்டில் எல்லாருக்கும் சமைப்பது அந்தப் பெண்தான். அவள் கை பட்ட சோறு சுத்தம், அவள் வாய் பட்ட டம்ளர் அசுத்தம். இது எந்த ஊர் சுகாதாரம் என்று நமக்கு நன்றாகவே தெரியும். நாம் அதை ரயிலில் ஏற்றித் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம்.

இவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளக்கூட நமக்கு ஆர்வம் இல்லை. நம்ம பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய கோவில் 1785. அதைச் சொல்லி நாம் நெஞ்சை நிமிர்த்துகிறோம், சரி. ராஞ்சிக்குக் கோஸ்னர் மிஷன் ஊழியர்கள் வந்தது 1845. ஐந்து வருஷம் ஒருவர்கூடச் சேரவில்லை. 1850இல் நாலு உராவ்கள் ஞானஸ்நானம் எடுத்தார்கள், அதுதான் ஆரம்பம். 1885இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய யேசு சபைப் பாதிரியார் வந்தார். ஆதிவாசிகளின் நிலத்தை ஜமீன்தார்கள் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். அவர் வரைபடம் போட்டு உலக முடிவை விளக்கவில்லை. சட்டம் படித்தார். குத்தகை வழக்குகளில் கோர்ட்டில் அவர்கள் பக்கம் நின்றார். காசநோய் வந்து 1893இல் 37 வயதில் செத்துப்போனார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஜான் ஹாஃப்மன், ஜெர்மானியர். முண்டாக்களின் மொழி, வழக்கம், நில உரிமை எல்லாவற்றையும் எழுதிவைத்தவர். 1908இல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு உண்டு. ஆதிவாசி நிலத்தைக் கண்டவன் எழுதி வாங்க முடியாமல் தடுத்த சட்டம் அது. அடுத்த வருஷமே, 1909இல், கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் விதைக்கும் மாட்டுக்கும் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஒரு பாதிரியார் உட்கார்ந்து பேரேடு எழுதிக் காசு கணக்கு பார்த்து வங்கி நடத்துகிறார்! எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை மற்ற வங்கிக்காரர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்று 1915இல் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். எதிர்பாராத நேரம்தான். ஆனால் அவர் கணக்கு முடித்துத்தான் இருந்தது. சங்கமும் நின்றது, சட்டமும் நின்றது.

அந்த மண்ணின் பேத்திதான் நம்ம அடுப்படியில் நிற்பவள்.

"அதெல்லாம் ஏஜென்ட்டிடம் பேசியாச்சு பிரதர்" என்பது அடுத்த பதில். இந்த ஏஜென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விலாவாரியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பிளேஸ்மென்ட் ஏஜென்சி என்ற பெயரில் இங்கே ஏகப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு தொகை கமிஷன் வாங்குவார்கள். பெண்ணின் மாதச் சம்பளத்தையும் பல பேர் தாங்களே வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கிறோம் என்பார்கள். கொடுத்தால் கொடுத்ததுதான். பெண் பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிவந்து காணாமல் போகச் செய்த வழக்குகள் ஜார்க்கண்ட் போலீசில் குவிந்து கிடக்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? மாதா மாதம் ஏஜென்ட் எண்ணுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, நாம் கொடுத்துவிட்டோம், நம்ம கை சுத்தம் என்று இருந்துவிடுகிறோம். பிலாத்துவும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

கூலியை அன்றைக்கே, சூரியன் மறையும் முன் கொடுத்துவிடு, அவன் அதை நம்பித்தான் உயிரை வைத்திருக்கிறான் என்ற கருத்து உபாகமம் 24இல் இருக்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும், அது ஆண்டவர் காதுக்குப் போய்விட்டது என்கிறார். அதற்கு மூன்று வசனம் தள்ளித்தான் ஆண்டவர் வருமட்டும் பொறுமையாக இருங்கள் என்ற பகுதி வருகிறது. நம்ம ஆட்கள் இரண்டாவதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். முதலாவதை மாட்டிய வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தது. ஒரு ரூபாய் இருப்பு இல்லாமல் யாரும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆதார் அட்டையோடு அரை மணி நேரம் கிளையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் பெயரில் கணக்கு இருக்கிறதா? இருந்தால் பாஸ்புக் யாரிடம்? ஏடிஎம் கார்டு யாரிடம்? அதில் பதிவான போன் நம்பர் யாருடையது? கணக்கு அவள் பெயரில், நம்பர் ஏஜென்ட் பெயரில் என்று இருப்பதை என் கவுண்டரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஓடிபி அவனுக்குப் போகும். அப்புறம் கணக்கு யாருடையது? நியாயத்தீர்ப்பு நாளின் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நாலு கேள்வியும் அதில் இல்லாமல் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

சட்டம் நம்மைக் கேட்காது, அது நிஜம். வீட்டு வேலை செய்கிறவர்களின் உரிமைகளுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஆனால் ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆக, வார விடுமுறை தராததற்காக எந்த இன்ஸ்பெக்டரும் நம்ம அபார்ட்மென்ட் கேட்டில் வந்து நிற்கப்போவதில்லை. எஜமான் வர நாளாகும் என்று நினைத்த அந்த ஊழியக்காரனும் இதே தைரியத்தில்தான் இருந்தான்.

உண்மையில் ஒரு இன்ஸ்பெக்ஷன் நடந்தது. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்தார்கள், நாலு மணி நேரத்தில் நாடே பூட்டியாயிற்று. எதிர்பாராத நேரம் என்றால் இதைவிட என்ன வேண்டும்? அந்த வாரம் முழுக்க நம்ம குழுக்களில் கொள்ளைநோயும் கடைசிக் காலமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதே வாரம்தான் இங்கே அபார்ட்மென்ட் சங்கங்கள் வேலைக்கு வருகிறவர்களை கேட்டுக்குள் விடாமல் நிறுத்தின. ஏப்ரல் முதல் தேதி சம்பளம் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. வராத ஆளுக்கு எதற்கு என்று நிறுத்தியவர்கள் உண்டு. அதில் நம்ம சபைக் குடும்பங்களும் உண்டு, உத்தியோகத்தில் ஒரு ரூபாய் குறையாமல் சம்பளம் வந்துகொண்டிருந்த குடும்பங்கள். எந்த ஃபார்வர்டும் போடாமல் மூன்று மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பிவைத்த ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மாவும் எங்கள் சபையில் உண்டு. எடுத்துக்கொள்ளப்படுதல் முன்னாலா பின்னாலா என்று கேட்டால் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

இங்கே நம்ம பழைய சரித்திரத்தையும் தொடாமல் விட முடியாது. நான் சி.எஸ்.ஐ. காரன், புனிதர் பட்டம் எல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் தேவசகாயத்தைப் பற்றிப் பேசும்போது எழுந்து நிற்கத் தோன்றுகிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகஸ்தர். குடும்பஸ்தர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். சாதி பார்க்காமல் பழகினார் என்பதும் அவர் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் என்று அறிவித்தபோது, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பெயரை எடுத்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே வடக்கன்குளத்தில் பின்னால் கட்டிய கோவிலில் இரண்டு சாதிக்கு இரண்டு கூடம், நடுவில் சுவர். கால்சட்டை மாதிரி இரண்டு காலும் பீடத்தில் போய்ச் சேரும். 1910இல் அந்தச் சுவரை இடித்ததற்கு வழக்கு நடந்தது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து வருகைக்காகத்தான் ஜெபித்திருப்பார்கள்!

சுவர் போய்விட்டதா? ஞாயிற்றுக்கிழமை நம்ம கிறிஸ்தவப் பத்திரிகைகளில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, வருகைக்கு ஆயத்தமான குடும்பம் என்று ஆரம்பிக்கும். அடுத்த வரியில் சாதி இருக்கும். சீதனம் விளம்பரத்தில் இருக்காது, அது போனில். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்கும்போது தடை உண்டா என்று கேட்பார்கள். தடை எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

வெளியூர் வந்த தமிழன் இப்படித்தான் இருக்க முடியும் என்று யாரும் சொல்லாதீர்கள். வேதநாயகம் அசரியா நம்ம ஊர் வெள்ளாளன்விளைக்காரர்தான். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். சொந்த ஊரை விட்டுத் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் போனார், தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1945இல் சாகும்வரை அவருடைய மந்தை பெரும்பாலும் மாலா, மாதிகா கூலிக்காரர்கள். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, நீங்கள் பொருளும் உழைப்பும் தந்தது போதாது, எங்களைச் சிநேகிதராக நடத்துங்கள் என்ற அர்த்தத்தில் பேசி அரங்கத்தையே நெளியவைத்தவர். இன்றைக்கு ஒரு சிம்டேகாப் பெண் நம்ம ஜெபக்கூட்டத்தில் எழுந்து அதே பேச்சைப் பேசினால் நெளிய வேண்டியது யார்?

"நீங்க சமூக சேவை பேசுறீங்க பிரதர், இது ஆவிக்குரிய காரியம்" என்று ஒரு அண்ணாச்சி ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார். ஆவிக்குரிய காரியத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு வைத்தது யார் அண்ணாச்சி? பிலேமோனுக்குப் பவுல் எழுதியது முழுக்க ஒரு வேலைக்காரனைப் பற்றித்தான். ஒநேசிமுவை இனி அடிமையாக நடத்தாதே, சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்கிறார். கூடவே, நான் வந்து தங்க ஒரு அறையையும் ஆயத்தம் பண்ணிவை என்கிறார்! கொலோசே போய்ப் பிலேமோன் வீட்டில் பவுல் இறங்கியிருந்தால் முதலில் ஒநேசிமு எங்கே என்றுதானே கேட்டிருப்பார்?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சம்பளம் முதல் தேதி, அவள் கணக்கில், அவள் கையில் பாஸ்புக். ஞாயிற்றுக்கிழமை அரை நாளாவது லீவு. தனி டம்ளரைத் தூக்கிப் போடுங்கள். இங்கே பல கோவில்களில் நம்ம தமிழ் ஆராதனை முடிகிற அதே கட்டடத்தில்தான் அடுத்து இந்தி ஆராதனை நடக்கிறது. நாம் வெளியே வரும் வாசலில்தான் அவர்கள் உள்ளே போகிறார்கள். போகும்போது காரில் அவளையும் கூட்டிக்கொண்டு போனால் பெட்ரோல் கூடச் செலவாகாது. பிரியாணி ஒரு மணிக்கு ஆகட்டும்.

எங்கள் சபையில் அடுத்த மாதம் மூன்று நாள் கன்வென்ஷன். தலைப்பு, ஆயத்தப்படு. மேடை, சவுண்டு, ஊரிலிருந்து வருகிற பிரசங்கியாருக்கு விமான டிக்கெட் எல்லாம் பட்ஜெட்டில் வந்துவிட்டது. டீ, சமோசா கொடுக்கவும் பாத்திரம் கழுவவும் ஆறு பெண்களை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கூலி, எந்த நாள் கொடுப்போம் என்று கமிட்டியில் கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம் பிரதர்" என்றார் பொருளாளர். அன்றன்று சாயங்காலமே கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு மினிட்ஸில் ஏற்றியிருக்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மறுபடி கமிட்டி கூடுகிறது.